மூளைக்குள் ஒரு சிவப்புத் துளி

செத்தவர் முகத்தில் ஒரு குறையும் இல்லை.

மூச்சைத் தவிர.

பேராசிரியர் முக்காலியில் உட்கார்ந்தபடியே மேஜைமேல் தலை சாய்த்திருந்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் அசந்தவர் மாதிரி இருந்தது. மூக்குக் கண்ணாடி மூக்கிலேயே. பென்சில் கையிலேயே. ரத்தம் இல்லை, காயம் இல்லை, யாரோடும் மல்லுக்கு நின்ற அடையாளம் இல்லை.

இன்ஸ்பெக்டர் வாசலிலேயே நின்றார். பயம் அல்ல, முழங்கால் வலி.

லிஃப்ட் வேலை செய்யவில்லை. இருபத்தெட்டு வருட சர்வீஸில் அவர் பார்த்த பிணங்களில் முக்கால்வாசி மூன்றாவது மாடியில்தான் கிடந்தன. தரைத்தளத்தில் சாகிற புண்ணியவான் எவனும் அவர் லிமிட்டில் குடியிருக்கவில்லை.

"இந்த மாசத்துல இது எத்தனாவது பாடிய்யா?"

"நாலாவது சார்," என்றார் ஏட்டு. "மாசம் முடிய இன்னும் பத்து நாள் இருக்கு."

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். விடுவதற்கு அவரிடம் மூச்சு இருந்தது.

அறை ஒரு குளியலறை அளவுதான். ஜன்னல் கிடையாது. மேஜைமேல் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் சின்னச் சின்னத் தட்டுகளில் எலியின் நரம்பு செல்களை வளர்க்கிறார்கள். மூலையில் ஆள் உயரத்துக்கு நைட்ரஜன் சிலிண்டர். அதிலிருந்து ஒரு குழாய் பெட்டிக்குள் போக வேண்டும். பெட்டிக்குள் ஆக்ஸிஜனைக் குறைத்துவிட்டு, செல்கள் என்ன பாடுபடுகின்றன என்று பார்ப்பதுதான் இங்கே வேலை. மலை உச்சியில் காற்று குறைவு என்பதால் லேபில் இதற்கு 'மலை ரூம்' என்று பெயர்.

இன்றைக்கு அந்தக் குழாய் பெட்டியில் இல்லை. கழன்று தரையில் கிடந்தது. சிலிண்டர் காலியாகியிருந்தது.

பேராசிரியரின் கைக்கடியில் ஒரு தாள். அதில் ஒரே ஒரு வார்த்தை.

'தாங்குகிறது...'

அதற்குப் பிறகு பென்சில் கோடு சறுக்கிக்கொண்டே தாளின் கீழ் ஓரம்வரை போயிருந்தது.

'எது தாங்குகிறது?' இன்ஸ்பெக்டருக்குத் தெரியவில்லை. அவர் முழங்கால் நிச்சயமாக இல்லை.

விவரமெல்லாம் சொன்னவர் மாமா. ஐம்பத்தெட்டு வயது டெக்னீஷியன். முப்பது வருடமாக அதே லேப். அங்கே எல்லோருக்கும் அவர் மாமாதான். செத்தவருக்கும் மாமாதான். எலிகளைப் பராமரிப்பது, மூளையை எடுப்பது, அதைக் காகிதத்தைவிட மெல்லிசாகச் சீவி ஸ்லைடில் போடுவது, எல்லாம் அவர் கைவேலை. காலை எட்டு மணிக்கு வந்து இந்தக் கதவைத் திறந்ததும் அவர்தான். பேராசிரியர் தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு இங்கே வந்து பத்து நிமிஷம் தட்டுகளைப் பார்ப்பார் என்றார். நேற்றும் வந்திருக்கிறார். பத்து நிமிஷத்தில் திரும்பவில்லை.

வலது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டபடியே பேசினார் மாமா.

"இந்த வாயுவுக்கு வாடை கிடையாது சார். மூச்சு முட்டுற மாதிரியும் இருக்காது. தூக்கம் வர்ற மாதிரி இருக்கும்... அவ்வளவுதான்."

"ரூம்ல ஆக்ஸிஜன் குறைஞ்சா அடிக்கத்தானே அலாரம் வெச்சிருக்கீங்க?"

"அது அடிக்கலையே சார்."

சுவரில் இருந்த அலாரத்தை ஏட்டு கழற்றினார். உள்ளே ஒரே ஒரு பென்சில் பேட்டரி. முனையில் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. செத்து வெகுநாள் ஆன பேட்டரி.

"இது அஞ்சாவது பாடி சார்."

இன்ஸ்பெக்டர் மனசு லேசானது. குழாய் கழன்றது. பேட்டரி தீர்ந்தது. மனிதர் போய்ச் சேர்ந்தார். விபத்து! நாலு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டால் மதியத்துக்குள் வீடு, வெந்நீர், முழங்கால்.

அப்போதுதான் டாக்டரம்மா ஓடி வந்தாள்.

ஊசி போடுகிற டாக்டர் இல்லை. படித்துப் பட்டம் வாங்கிய டாக்டர். முப்பத்தெட்டு, நாற்பது வயது இருக்கும். பேராசிரியருக்கு அடுத்தபடி லேபில் அவள்தான். உடம்பைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு ஏட்டு உள்ளங்கையில் இருந்த பேட்டரியைப் பார்த்தாள்.

"இது நான் போட்ட பேட்டரி இல்ல."

அந்த ஒரு வாக்கியத்தில் இன்ஸ்பெக்டரின் வெந்நீர் ஆறிப்போனது.

அலாரம் அவள் பொறுப்பு. ஒன்றாம் தேதியானால் புது பேட்டரி. தேதியைப் பொடி எழுத்தில் எழுதித் துண்டு ஸ்டிக்கராக ஒட்டி, ஸ்டிக்கர் உள்பக்கம் இருக்கும்படி மாட்டுவாள். இந்தப் பேட்டரியில் ஸ்டிக்கர் இல்லை. ஒட்டிப் பிய்த்த தடயமும் இல்லை.

அப்படியானால் நல்ல பேட்டரியை யாரோ எடுத்துவிட்டு, செத்த பேட்டரியைப் போட்டிருக்கிறார்கள். குழாயும் தானாகக் கழன்றிருக்காது.

கொலை!

இன்ஸ்பெக்டரின் போன் அடித்தது. மேலதிகாரி. இந்த ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவர் அவரை ஏற்கெனவே கூப்பிட்டுப் பேசிவிட்டாராம். நேற்று மதியம் டாக்டரம்மாவும் பேராசிரியரும் போட்ட சண்டையை வராந்தா முழுக்கக் கேட்டிருக்கிறது. நாளைக் காலை ஒரு பெரிய மாநாடு. அதில் டாக்டரம்மா தன் கண்டுபிடிப்பைப் பற்றிப் பேசுவதாக இருந்தது. 'நீ பேச வேண்டாம், நானே பேசுகிறேன்' என்று பேராசிரியர் திடீரென்று சொல்லிவிட்டார். பதினோரு வருட உழைப்பு. அவள் கத்திய கத்தலில் எலிகளே பயந்துவிட்டனவாம்.

"அலாரமும் அவ பொறுப்பு. இதுக்கு மேல என்னய்யா வேணும் உமக்கு? நாலு மணிக்குள்ள அந்தப் பொம்பளையை ஸ்டேஷனுக்குக் கொண்டு வந்துடும்."

போன் வைக்கப்பட்டது.

கொன்றவளே வந்து, 'இது விபத்து இல்லை' என்று எடுத்துக் கொடுப்பாளா? இன்ஸ்பெக்டர் இதை மேலதிகாரியிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மேலதிகாரியிடம் கேள்வி கேட்கிற வயசெல்லாம் அவருக்குத் தாண்டிவிட்டது.

ஏட்டுவைப் பேராசிரியர் வீட்டுக்கு அனுப்பினார். மனைவியிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டும். அந்த வேலைக்கு எப்போதும் ஏட்டுதான். அங்கே மட்டும் அவர் ஜோக் அடிக்க மாட்டார்.

*

டீ குடிக்கிற அறை. நாலு நாற்காலி, ஒரு மேஜை, ஒரு சுவர்க் கடிகாரம். கடிகாரத்துக்குக் கீழே பழுத்துப்போன ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'இது ஓடாது. அவரவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளவும்.'

டாக்டரம்மா எதிரே உட்கார்ந்திருந்தாள். நாலு மணிக்கு என்ன நடக்கப் போகிறது என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது. இந்தக் கட்டடத்தில் சுவருக்கும் காது உண்டு.

"அந்தக் கண்டுபிடிப்பு என்னன்னு எனக்குப் புரியற மாதிரி சொல்லும்மா," என்றார் இன்ஸ்பெக்டர். "பத்தாம் கிளாஸ் அறிவியல்ல நான் முப்பத்தஞ்சு மார்க்."

சொன்னாள். ரத்தம் சிவப்பாக இருப்பதற்குக் காரணம் ஹீமோகுளோபின். ஆக்ஸிஜனைப் பிடித்துக்கொண்டு போய் உடம்பெல்லாம் கொடுக்கிற புரதம். ரத்தச் சிவப்பணுவில்தான் அதற்கு வீடு என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் அதை மூளையின் நரம்பு செல்லுக்குள் பார்த்தாள். ரத்தத்தில் இருக்க வேண்டியது இங்கே என்ன செய்கிறது? கஷ்டகாலத்துக்கு ஆக்ஸிஜனைச் சேமித்து வைக்கிறதா? செல்லுக்குச் சக்தி கொடுக்கிற இடத்தில் ஏதாவது கைவேலை செய்கிறதா? விஷச் சரக்குகளை உறிஞ்சிக் காவல் காக்கிறதா? அதுதான் பதினோரு வருஷக் கேள்வி. நரம்பு செல்கள் செத்துப்போய் கை கால் நடுங்குகிறவர்களுக்கு என்றைக்காவது இதில் ஒரு வழி பிறக்கலாம்.

இன்ஸ்பெக்டர் யோசித்தார்.

"ஒருத்தன் வீட்டுல போலீஸ் தொப்பி கிடைக்குதுன்னு வெச்சுக்கோ. அவனே போலீஸா இருக்கலாம். தொப்பியைத் திருடியிருக்கலாம். இல்ல, விசாரிக்க வந்த போலீஸ்காரர் மறந்து வெச்சுட்டுப் போயிருக்கலாம்."

முதல் முறையாக அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்த மூணாவதுதான் சார் எங்க பயமே. மூளை முழுக்க ரத்தக்குழாய். அந்த ரத்தம் ஒட்டிக்கிட்டிருந்தா, அதோட ஹீமோகுளோபினைப் பார்த்துட்டு செல்லோடதுன்னு ஏமாந்துடுவோம். அதனால மூளையை எடுக்கறதுக்கு முன்னாடி இதயத்துல ஊசி குத்தி, உப்புத் தண்ணி விட்டு, ரத்தத்தை மொத்தமா கழுவி வெளியேத்தணும்."

"அதை யார் செய்யறது?"

"மாமாதான். ரெஜிஸ்டர்ல தினமும் குறிச்சு வெப்பார்."

ரெஜிஸ்டர் வந்தது. கட்டம் கட்டமாக அச்சடித்த தாள். தேதி, எலி எண், 'கழுவியாச்சு' என்று ஒரு கட்டம். அதில் டிக். ஒரு நாள்கூட விடுபடவில்லை. இன்ஸ்பெக்டர் எச்சில் தொட்டுப் புரட்டிக்கொண்டே போனார். போலீஸ் ஸ்டேஷனில் வருகைப் பதிவேடு பார்த்துப் பழகிய கண் அது. ரொம்ப ஒழுங்காக இருந்தால் அதற்குச் சந்தேகம் வந்துவிடும்.

கடைசிப் பக்கத்தில் விரல் நின்றது.

"இன்னைக்கு என்ன கிழமைம்மா?"

"புதன்."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் கழுவியாச்சு."

அவள் ரெஜிஸ்டரைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். வியாழன், டிக். வெள்ளி, டிக். ஒரே பேனா, ஒரே அழுத்தம். வாரம் பிறந்ததும் மொத்தமாகப் போட்டுவிடுகிற டிக். எங்கள் ஆட்களும் ரோந்துப் புத்தகத்தில் இப்படித்தான் போடுவார்கள் என்றார் இன்ஸ்பெக்டர். அவள் சிரிக்கவில்லை.

நேற்று மதியம் பேராசிரியர் என்ன செய்தார் என்று கேட்டார். ஸ்டோர் ரூமிலிருந்து ஒரு மூளை ஜாடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், அதன்பிறகுதான் நீ பேச வேண்டாம் என்றார் என்றாள். அந்த ஜாடியைக் கொண்டுவரச் சொன்னார்.

"கழுவின மூளை எப்படி இருக்கும்?"

"வெண்ணெய் மாதிரி..."

ஜாடிக்குள் கிடந்த பாக்குக் கொட்டை அளவு மூளையின் மேலெல்லாம் கருஞ்சிவப்பு நூல்கள் ஓடின. பிரேதப் பரிசோதனை மேஜைகளில் இன்ஸ்பெக்டர் இதை நூறு தடவை பார்த்திருக்கிறார். ரத்தம் உறைந்த குழாய்கள்.

"இது கழுவாத மூளைம்மா."

மூன்று வருடமாக அவள் ஒரு ஜாடியையும் தொட்டதில்லை. மாமா சீவித் தருகிற ஸ்லைடு அவள் மைக்ராஸ்கோப்புக்கு வந்துவிடும். மாமா கழுவினார் என்றால் கழுவினார். தன் கையைத் தானே சந்தேகப்படுவாளா ஒருத்தி?

அவள் மெல்ல ஜாடியை மேஜைமேல் வைத்தாள்.

"அப்போ நான் பார்த்ததெல்லாம்... வெறும் ரத்தமா சார்?"

நாலு மணிக்குள் ஜெயில், அதற்குள் பதினோரு வருஷமும் போச்சு. ஒரே நாளில் ஒரு மனுஷிக்கு இவ்வளவு வரக்கூடாது. இன்ஸ்பெக்டருக்கு உண்மையாகவே பாவமாக இருந்தது.

கதவு திறந்தது. மாமா டீ கொண்டு வந்தார். தட்டு இல்லை. இடது கையில் ஒரே ஒரு கப். அதை வைத்துவிட்டுத் திரும்பப் போய் இன்னொரு கப்பைக் கொண்டு வந்தார். வலது கை பைக்குள்ளேயே இருந்தது.

"பாப்பா, வாய் காஞ்சு கிடக்கும். குடிம்மா."

அவள் குடிக்கவில்லை. அவரை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

இன்ஸ்பெக்டர் ஒரு வாய் டீ குடித்தார். சுவரைப் பார்த்தார். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார்.

"ஓடாதுன்னு எழுதி ஒட்டியிருக்கு. ஜோரா ஓடுதே?"

மாமாவின் முகம் கொஞ்சம் மலர்ந்தது. வேலைக்காரனுக்கு அவன் வேலையை யாராவது கவனித்துவிட்டால் போதும்.

"நான்தான் சார் ஓட வெச்சேன். ஆறு மாசமா நின்னு கிடந்துச்சு. ஒருத்தருக்கும் ஒரு பேட்டரி மாத்தத் தோணல."

"நல்ல காரியம். எப்ப மாத்துனீங்க?"

மாமா ஓரடி கதவுப் பக்கம் நகர்ந்தார்.

டிக்... டிக்... டிக்...

இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டார். முழங்காலைத் திட்டிக்கொண்டே அதன்மேல் ஏறினார். கடிகாரத்தைக் கழற்றி, திருப்பி, பேட்டரியை நகத்தால் நெம்பினார்.

பேட்டரியின் வயிற்றில் ஒரு துண்டு ஸ்டிக்கர். பொடி எழுத்தில் இந்த மாதம் ஒன்றாம் தேதி.

டாக்டரம்மாவின் கையெழுத்து!

"அலாரத்துல இருந்ததை இதுல போட்டீங்க. இதுல செத்துக் கிடந்ததை அலாரத்துல போட்டீங்க. அப்புறம் குழாயைக் கழட்டி விட்டீங்க," என்றார் இன்ஸ்பெக்டர். குரலில் வெற்றி இல்லை, அலுப்புதான் இருந்தது. "நல்ல பேட்டரியை வெளியில வீசியிருந்தா நான் இந்நேரம் வீட்டுல இருந்திருப்பேன் மாமா."

மாமா கடிகாரத்தையே பார்த்தார்.

"புது பேட்டரி சார். தூக்கிப் போட மனசு வரல."

வலது கையைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். அது நடுங்கியது. பக்கத்திலிருந்த டீ கப்பும் சேர்ந்து நடுங்கியது.

மூன்று வருடமாக இப்படித்தான் என்றார். எலியின் இதயம் ஒரு வேர்க்கடலை அளவு. அதில் ஊசி குத்த கை அசையக் கூடாது. குத்திப் பார்த்தார், தவறியது. மறுநாளும் தவறியது. ஒரு நாள் கழுவாமலே விட்டுவிட்டு டிக் மட்டும் போட்டார். யாரும் கேட்கவில்லை. மூளையைச் சீவுவது மெஷின், ஸ்லைடில் ஒட்ட இடது கை போதும். அப்படியே ஓடிவிட்டது. நேற்று பேராசிரியர் ஜாடியைக் காட்டி எத்தனை நாளாக என்று கேட்டார். மறைக்க முடியவில்லை.

"மாநாட்டு மேடையில உள்ளதை உள்ளபடி சொல்லிடுவேன்னார் சார். வேற ஒரு வார்த்தை பேசல. அவர் எப்பவும் அப்படித்தான், அளந்துதான் பேசுவார். என் வேலை போனா போகட்டும். மூணு வருஷக் கணக்கு பொய்னு தெரிஞ்சா பாப்பாவோட பதினோரு வருஷமும் என்னால குப்பையாயிடுமே... அவர் ஒருத்தர் வாய்தான் சார் நடுவுல இருந்துச்சு."

"அந்தப் பாப்பா மேலதான் இப்ப பழி."

"அது தெரியாது சார். சத்தியமா தெரியாது. பேட்டரி தீர்ந்துபோச்சுன்னு எழுதிடுவீங்கன்னு நெனச்சேன்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்."

டாக்டரம்மா அழவில்லை.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே மாமா. நான் கழுவியிருப்பேனே..."

மாமா தலை குனிந்தார். கை மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது.

*

ஏட்டு திரும்பி வந்தார். அவர் கையில் ஒரு சின்ன நோட்டு.

பேராசிரியரின் மனைவி கொடுத்ததாம். ராத்திரி வீடு திரும்பாதது அந்த அம்மாவுக்குப் புதிதல்ல, அதனால் தேடவில்லை. ஆனால் பத்து நாளாக மனிதர் எலி வாடையோடு வீட்டுக்கு வந்திருக்கிறார். இந்த வயதில் எலிக் கூண்டோடு என்ன வேலை என்று கேட்டதற்கு, ஒரு சந்தேகம், என் கையாலேயே பார்க்க வேண்டும் என்றாராம். நேற்றும் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்து இந்த நோட்டில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்.

டாக்டரம்மா வாங்கிப் படித்தாள். பாதியில் நோட்டை மேஜைமேல் வைத்துவிட்டாள். இன்ஸ்பெக்டர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மீதியைத் தானே படித்தார்.

'மாமா மூன்று வருடமாகக் கழுவவில்லை. இன்று அவரே ஒப்புக்கொண்டார். பதினாலு மூளைகளை நானே கழுவிப் பார்த்துவிட்டேன். வெண்ணெய் போல வெள்ளை. ரத்தம் ஒரு சொட்டு இல்லை. ஆனாலும் நரம்பு செல்லுக்குள் அது இருக்கிறது. அவள் சொன்னது சரி.

வியாழக்கிழமை மாநாட்டில், நடந்த தவறை நான் சொல்வேன். லேப் என்னுடையது, வசவும் எனக்கே வரட்டும். சொல்லி முடித்ததும் அவளை மேடைக்குக் கூப்பிட்டுச் சரியானதைப் பேசச் சொல்ல வேண்டும். அதுவரை அவளுக்குத் தெரிய வேண்டாம், கத்துவாள்.

மாமாவின் கை நடுக்கம் நரம்பு வியாதியாக இருக்கலாம். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு டாக்டரிடம் நேரம் வாங்கியாயிற்று. நானே கூட்டிப் போகிறேன். அவரை வேலையை விட்டு அனுப்பக் கூடாது. வேறு வேலை கொடுக்க வேண்டும்.'

அவ்வளவுதான் இருந்தது.

டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, மலை ரூமில் கிடந்த தாளைக் கேட்டாள். பார்த்தாள். அந்தத் தட்டுகளில் இருப்பவை அந்தப் புரதம் அதிகமாக உள்ள செல்கள் என்றாள். ஆக்ஸிஜன் குறைந்தால் மற்ற செல்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தாக்குப்பிடிக்குமா என்று பேராசிரியர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாங்குதுன்னு எழுதியிருக்கார் சார். அது தாங்கியிருக்கு."

அவரால்தான் முடியவில்லை.

மாமா நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை வாங்கிப் பார்க்கக் கை நீட்டினார். கை நடுங்கியது, திரும்ப எடுத்துக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமையா சார்?" என்று மட்டும் கேட்டார்.

"பத்து மணிக்கு."

"நான் அவரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

இன்ஸ்பெக்டர் எழுந்தார். முழங்கால் மளுக்கென்றது. இத்தனை வருட சர்வீஸில் கொலைகாரனைப் பிடித்த பிறகு இவ்வளவு களைப்பாக அவருக்கு இருந்ததில்லை. ஓடாத கடிகாரத்தையும் பேட்டரியையும் உறையில் போட்டு ஏட்டுவிடம் கொடுத்தார். மாமாவின் தோளைத் தொட்டு, போகலாம் என்றார். நாளை மாநாட்டுக்கு நீ போய்த்தான் ஆக வேண்டும், கத்திப் பேசு என்று டாக்டரம்மாவிடம் சொன்னார்.

வாசலில் போன் அடித்தது. திரையில் மேலதிகாரி.

"நாலு மணிக்குள்ள ஆள் வேணும்னாரே... மணி என்னய்யா ஆச்சு?"

ஏட்டு பழக்கதோஷத்தில் சுவரைப் பார்த்தார். அங்கே ஒரு வெறும் ஆணி இருந்தது. கீழே 'இது ஓடாது' என்ற தாள்.

"தெரியாது சார். மணி சொன்ன ஒரே சாட்சியையும் பையில போட்டுக் கட்டிட்டீங்க."